பதினான்காம் விதி

பத்து நிமிடம் என்று சொல்லிவிட்டு அவள் தன் சீட்டை இடது கையால் மறைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்துவிட்டாள். பரீட்சை எழுதும் பிள்ளை பக்கத்துப் பெஞ்சுக்காரிக்குக் காட்டாமல் மறைப்பது போல. நாற்பத்தைந்து வயது, பம்ப்செட் கம்பெனியில் வரைபடப் பிரிவுக்குத் தலைவி, பெயர் வாலன்டீனா, வானத்துக்குப் போன முதல் பெண்ணின் பெயர், அந்தப் பெயரை வைத்ததே நான்தான், எழுபத்தொன்பதில் யூனியன் ஆபீஸ் மாடியில், எங்கள் நூல் மில்லில் வேலை பார்த்த அவள் அப்பன் ஆறுக்குட்டி குழந்தையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து "தோழர், ஒரு பேர் சொல்லுங்க, எங்க சாதியில யாரும் வெக்காத பேரா இருக்கட்டும்" என்றான். என் முன்னாலும் ஒரு சீட்டு இருக்கிறது. வெள்ளைச் சீட்டு. உள்ளங்கை அளவு. அவ்வளவுதான் இடம் தருவாள், அதற்கு மேல் எழுதினால் செல்லாது என்பது மூன்றாம் விதி. முதல் ஞாயிற்றுக்கிழமை நான் பின்பக்கமும் எழுதினேன், ஏன் இந்தக் கப்பலை இடது பக்கம் திருப்புகிறேன் என்பதற்கு நாலு காரணம், அதற்கு ஒரு முன்னுரை. அவள் படித்துவிட்டுச் சிரிக்காமல் சொன்னாள்: "தோழர், இது உத்தரவுங்க. நோட்டீஸ் இல்லீங்க." அவள் புருஷன் சிவராசு சிரித்தான். அவனுக்குச் சிரிக்க உரிமை உண்டு, கப்பல்களைக் கடைந்தவன் அவன், பீளமேட்டில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறான், பித்தளைத் துண்டில் விரல் நுனி அளவுக்கு ஏழு கப்பல். நான் கோபப்படவில்லை. நாற்பது வருடம் நோட்டீஸ் எழுதிய கை, உத்தரவு எழுதத் தெரியாமல் போய்விட்டது. எட்டாம் வகுப்போடு நின்ற நான் படித்ததெல்லாம் நோட்டீசிலும் எட்டுப் பக்கப் பிரசுரத்திலும்தான், உலகம் பூராவும் எனக்கு எட்டுப் பக்கத்தில் மடிந்து வந்தது, ஆகவே ஒன்றைச் சுருக்கி எழுதியிருக்கிறார்களா, வெறுமனே குறைத்து எழுதியிருக்கிறார்களா என்று எனக்குத் தெரியும். இவள் சுருக்கியிருக்கிறாள். ஒரு டெம்மி தாள், இரண்டு பக்கம், இருபது விதி. மேஜை மேல் ஆடுகிற ஒரு முழுப் போர் அதற்குள் இருக்கிறது. நாளைக் காலை அச்சுக்குப் போகிறது. போவதற்குள் பதினான்காம் விதி இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும். வேண்டாம் என்று ஒன்பது ஞாயிறாகச் சண்டை போடுகிறவன் நான்.

மேஜை மேல் கறுப்பு பாப்ளின் துணி. அதன் மேல் என் மூன்று கப்பல், அவளுடைய நாலு. என்னுடையவை வாகை, தும்பை, நொச்சி. ஆதியில் இந்த ஆட்டம் ஒரு வாரப் பத்திரிகைத் தொடர்கதை, எண்பத்தாறில் வந்தது, எழுதியவர் தமிழாசிரியராக இருந்திருக்க வேண்டும், நட்சத்திரங்களுக்கு நடுவே பறக்கிற கப்பலுக்கெல்லாம் போர்ப் பூக்களின் பெயர் வைத்திருந்தார். ஆறுக்குட்டி அதை வாராவாரம் கிழித்து, சணல் போட்டுத் தைத்து, மில்லில் ரிங் பிரேம் வேலையின் ஓய்வு நேரத்தில் டீக்கடை வாசலில் உரக்கப் படிப்பான். பத்துப் பன்னிரண்டு பேர் பீடியைக்கூட மறந்து கேட்பார்கள். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பேன். சம்பள உயர்வு பற்றி நான் பேசினால் அந்தப் பன்னிரண்டு பேரில் நாலு பேர் கொட்டாவி விடுவார்கள். பொறாமைதான், இப்போது சொல்வதில் என்ன. அந்தக் கதையில் கப்பல்கள் உறுமின. திடுதிப்பென்று நின்றன. காந்திபுரத்தில் டவுன் பஸ் திரும்புவது போலத் திரும்பின. பீரங்கி நிற்காமல் சுட்டது, கதாநாயகன் ஏறின கப்பல் தோற்கவே தோற்காது. எதிரிக் கப்பலுக்குப் பெயரே கிடையாது, ஒன்று, இரண்டு, மூன்று, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஆட்டத்துக்கு விதி எழுத வேண்டும் என்றால் யாராக இருந்தாலும் ஒன்று கதையை நம்பிக் கெட்டுப்போவார்கள், இல்லை கதையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பௌதிகப் பாடம் நடத்துவார்கள். இவள் இரண்டும் செய்யவில்லை. எதிரிக்கு முதலில் பெயர் வைத்தாள். கம்பு, தினை, சாமை, வரகு. "பேரில்லாதவனோட சண்டை போட்டா ஆட்டம் நியாயமா இருக்காதுங்க தோழர்" என்றாள். நான் முதலாளிகளுக்கு நோட்டீசில் பெயர் போட்டதே இல்லை, ஓநாய், முதலை, மலைப்பாம்பு. சொந்த ஆளுக்குத்தான் ஒரு தடவை பெயர் போட்டேன். இதை ஏன் இப்போது நினைக்கிறேன், எட்டு நிமிடம்தான் இருக்கிறது, சீட்டைப் பார்க்க வேண்டும்.

அவள் செய்த காரியங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது காசு. ஒவ்வொரு கப்பலுக்கும் முன்னால் ஒரு பழைய ஐந்து பைசா. கப்பல் ஒன்றுமே செய்யாவிட்டால் இந்த முறை எங்கே போய்ச் சேருமோ, அந்த இடத்தில் காசு இருக்கும். வானத்தில் உரசுவதற்குக் காற்று இல்லை, அதனால் போன வேகம் போனதுதான், மூன்று முடிச்சு வேகத்தில் போகிற கப்பல் யாரும் தடுக்காவிட்டால் சாகும்வரை மூன்று முடிச்சுதான். முடிச்சு என்பது அவளுடைய அளவு, நூல்கயிற்றில் ஜாண் ஜாணாக முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறாள், ஸ்கேல் கிடையாது. முதல் ஆட்டத்தில் நான் செய்த தப்பை நினைத்தால் இன்னும் காது சூடாகிறது. எதிரி நாலு பேர் சேர்ந்து வருகிறார்கள், பின்வாங்கலாம் என்று வாகையின் மூக்கைப் பின்பக்கம் திருப்பி வைத்தேன். திருப்பிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தேன். ஊர்வலத்தில் முன்னால் கொடி பிடித்துப் போகிறவன் திரும்பினால் ஊர்வலம் திரும்பும், அறுபத்தெட்டிலிருந்து அப்படித்தான் திருப்பியிருக்கிறேன், உப்பிலிபாளையம் சிக்னலில் ஆறாயிரம் பேரை ஒரு கையசைப்பில் திருப்பினவன். அவள் காசைக் காட்டினாள். காசு நகரவில்லை. "மூஞ்சியத்தான் திருப்பியிருக்கீங்க. கப்பல் போற பக்கந்தான் போயிட்டிருக்கு." மூக்கு ஊரைப் பார்க்க, முதுகு காட்டிக்கொண்டே என் வாகை நேராக எதிரி நடுவில் போய் விழுந்தது. சிவராசு "ஏனுங்ணா, ரிவர்ஸ்லயே போயி மோதிட்டீங்களே" என்றான். நானும் சிரித்தேன், ஆனால் வீட்டுக்கு வந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்ப வேண்டுமானால் முதலில் ஏறின வேகத்தை இறக்க வேண்டும். மூன்று முறை ஏற்றியிருந்தால் மூன்று முறை இறக்க வேண்டும். இறக்கும்போது எஞ்சின் எரிகிற வெளிச்சம் எல்லோருக்கும் தெரியும், மறைக்க முடியாது. ஒருவன் திரும்பப் போகிறான் என்பது அவன் திரும்புவதற்கு மூன்று முறைக்கு முன்பே மேஜையைச் சுற்றி இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். எந்தப் பிரசுரத்திலும் நான் இதைப் படித்ததில்லை.

பிறகு சூடு. பீரங்கி ஒவ்வொரு முறை சுட்டாலும் கப்பல் மேல் ஒரு டிராவலர் வைக்க வேண்டும், ரிங் பிரேமில் நூலை இழுத்துக்கொண்டு வட்டம் சுற்றுகிற அந்தச் சின்ன இரும்பு வளையம், அரிசி அளவுதான் இருக்கும். ஆறாவது விழுந்தால் பீரங்கி நின்றுவிடும். வானத்தில் சூட்டை இறக்கக் காற்று இல்லை, அதனால் இறக்கையை விரித்துக்கொண்டு ஒரு முறை சும்மா நிற்க வேண்டும், நிற்கும்போது எவனும் அடிக்கலாம். கதையில் நிற்காமல் சுட்ட பீரங்கியை இவள் ஒரு டப்பா டிராவலர் கொண்டு அடக்கிவிட்டாள். வீரம் சூடாகும் என்று கண்டுபிடித்திருக்கிறாள். எங்கள் வேலைநிறுத்தக் கமிட்டியில் இவள் மாதிரி ஒருத்தி இருந்திருந்தால், எழுபத்துமூன்று நாள் விடாமல் சுட்டோமே, ஒரு நாள் இறக்கை விரிக்கச் சொல்லியிருப்பாள். அந்த டிராவலர் டப்பா ஆறுக்குட்டியுடையது. மூடியில் அவன் டோக்கன் நம்பர் ஆணியால் கீறியிருக்கிறது, 417. முதல் நாளே பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன். டப்பாவிலிருந்து எடுத்து எடுத்து என் வாகை மேல் வைக்கிறேன், இப்போது ஐந்து இருக்கிறது, விரலில் எண்ணெய் வாசனை, முப்பத்தாறு வருடம் கழிந்தும் போகாத எண்ணெய், அல்லது அது சமையலறையிலிருந்து வருகிற தாளிப்பு வாசனையா, குக்கர் இரண்டாம் விசில் அடித்துவிட்டது, இங்கேதான் சாப்பிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள், ஒன்பது ஞாயிறாக அவள் கையால் சாப்பிடுகிறேன். அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தெரியாமலா இருக்கும். தெரிந்தால் எப்படிச் சோறு போடுவாள். தெரியாமல் எப்படி இருக்கும்.

பிப்ரவரியில் யூனியன் ஆபீசுக்கு வந்தாள். மின்விசிறி ஓடாத அந்த அறையில் நான் தனியாகப் பழைய தோரணக் கொடிகளை மடித்துக்கொண்டிருந்தேன். பையிலிருந்து தாளை எடுத்து மேஜையில் வைத்து, உட்காராமலே சொன்னாள்: "எஞ்சின் தெரியும், சூடு தெரியும், எல்லாம் கணக்குப் போட்டுட்டேங்க. ஒண்ணுதான் தெரியலை. அடி விழுந்துட்டே இருக்கறப்ப ஆளுக எப்ப மனசு விடுவாங்க? அது உங்களுக்குத்தான் தெரியும்." எனக்கு மார்பு விம்மியது, மறைப்பானேன். ஆஸ்பத்திரி டாக்டர் முதல் வங்கிக் குமாஸ்தா வரை இந்தக் கிழவனுக்கு எதுவும் தெரியாது என்று நினைக்கிற காலத்தில், ஒருத்தி தேடி வந்து உங்களுக்குத்தான் தெரியும் என்கிறாள். உட்கார வைத்து மனசு எண்ணை நான்தான் சொன்னேன். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு மனசு எண், அடி விழும்போது ஒன்று குறையும், இரண்டு பகடை உருட்டி எண்ணுக்கு மேல் விழுந்தால் கப்பலில் இருக்கிறவர்கள் உத்தரவை மறுத்துவிடுவார்கள். பசியில் இருக்கிற கப்பலுக்கு எண் குறைய வேண்டும், பக்கத்துக் கப்பல் உறுதியாக இருந்தால் ஏற வேண்டும், தலைவன் பக்கத்தில் இருந்தால் ஏற வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். "எவ்வளவு பக்கத்துல?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். கடைசியில் இரண்டு முடிச்சு என்றேன். கை எட்டுகிற தூரம். எல்லாம் சரியாக வந்தது. மறுத்த கப்பல் என்ன ஆகும் என்ற இடத்தில்தான் நின்றோம். தொடர்கதையில் கடைசி அத்தியாயத்துக்கு முந்தினதில் நொச்சி போரை விட்டுத் திரும்புகிறது, தளபதி வாகையிலிருந்து அதைச் சுட்டு வீழ்த்துகிறான், மற்ற கப்பல்கள் அதைப் பார்த்து நிலைக்கு வருகின்றன, வெற்றி. டீக்கடை வாசலில் அதைப் படித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள், நான்கூட நின்று கேட்டேன், அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும். ஆறுக்குட்டி தாளை மடித்துவிட்டு, "அந்த நொச்சியில இருந்தவங்க என்ன நினைச்சாங்கன்னு இந்தாளு எழுதவே இல்லை பாத்தீங்களா" என்றான். மில் சங்கு ஊதிவிட்டது.

பதினான்காம் விதி ஒரே வரி. வேகம் இறக்கித் திரும்பிப் போகும் கப்பலை எதிரி சுடக் கூடாது, சொந்தப் பக்கமும் சுடக் கூடாது. நான் சொன்னேன், இது போர், பள்ளிக்கூடப் பிக்னிக் அல்ல, கட்டுப்பாடு இல்லாத படை படையா, ஒருத்தன் போனால் ஒன்பது பேர் போவான், கதையிலேயே இருக்கிறது. "கதையில இருக்குதுங்க தோழர். கதையில கப்பல் உறுமவும் செய்யுது" என்றாள். கடைசியில் இன்று ஒப்புக்கொண்டாள்: இந்த ஒரு ஆட்டத்துக்குப் பதினான்கை எடுத்துவிடுவது, கதையில் உள்ளபடி ஆடுவது, ஆடிப் பார்த்துவிட்டு நான் என்ன சொல்கிறேனோ அதுதான் அச்சுக்குப் போகும். என்னை நம்பி விடுகிறாள். அல்லது என்னைக் கட்டிப் போடுகிறாள். இப்போது மேஜையைப் பார்த்தால் நான் கேட்டது எனக்கே கிடைத்திருக்கிறது. நொச்சி இரண்டு முறைக்கு முன்னால் அடி வாங்கி, பகடையில் பதினொன்று விழுந்து, உத்தரவை மறுத்துவிட்டது. ஒரு முறை வேகம் இறக்கியது. இரண்டாம் முறை இறக்கியது. இது மூன்றாவது, போகிற பக்கம் திரும்பியாகிவிட்டது, அதன் ஐந்து பைசா மேஜை விளிம்புக்கு வெளியே, சிவராசு ஓரமாகப் பிடித்திருக்கிற புத்தகத்தின் மேல் இருக்கிறது. போகிற வழியில் வாகைக்கு இரண்டு முடிச்சுத் தூரத்தில் கடக்கிறது. வாகை இன்னும் ஒரு தடவைதான் சுட முடியும். நொச்சி மேல் சுட்டால் தவறவே தவறாது, தும்பையின் மனசு எண் பழையபடி ஏறிவிடும், அடுத்த முறை கம்பும் வரகும் இறக்கை விரித்து நிற்பதால் தும்பை இரண்டையும் அடிக்கலாம், நான் ஜெயிக்கிறேன். ஒன்பது ஞாயிறில் முதல் வெற்றி. சுடாவிட்டால் தும்பைக்குப் பகடை உருட்ட வேண்டும், ஏழுக்கு மேல் விழுந்தால் அதுவும் போய்விடும், நாலு பேருக்கு நடுவே வாகை தனியாக நிற்கும். சிவராசு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, "அஞ்சு நிமிஷங்ணா" என்கிறான். ஐந்துதானா.

எழுதிவிட வேண்டியதுதான். வாகை, பீரங்கி, நொச்சி. மூன்று சொல். பேனாவை எடுத்து மூடியைத் திறக்கிறேன், மறுபடி மூடுகிறேன், மணிக்கூண்டு கூட்டத்தில் மைக் இல்லாமல் பேசினவனுக்கு மூன்று சொல் எழுத என்ன தயக்கம். அன்றைக்குத் தயங்கவில்லை. வேலைநிறுத்தத்தின் அறுபத்திரண்டாம் நாள் காலை, ஆறுக்குட்டி மில் கேட்டுக்குள் வேலைக்குப் போய்விட்டான் என்று யாரோ சொன்னதும் நேராக அச்சகத்துக்குப் போனேன், நின்றுகொண்டே எழுதினேன், ஒரு அடித்தல் இல்லை. 'தோழர்களே, நாம் நிழலுக்கு நட்ட மரங்களின் நடுவே ஒரு கருங்காலியும் வளர்ந்திருக்கிறது.' நான் எழுதினதிலேயே நல்ல வரி அதுதான். இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, அதுதான் கொடுமை. கம்பாசிட்டர் எழுத்தைக் கோத்துக்கொண்டே தலை நிமிராமல் கேட்டார், "அண்ணா, பேரப் போடோணுங்களா?" பதினெட்டுப் பாயிண்டில் போடு என்றேன். பெயர், அப்பா பெயர், மில் லைன் வீட்டு நம்பர், டோக்கன் 417. நாலாயிரம் காப்பி. சாயங்காலத்துக்குள் லைன் வீடு பூராவும் ஒட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு டீக்கடையில் அவனுக்குக் கிளாஸ் கொடுக்கவில்லை. முடிதிருத்துகிறவர் கடையைச் சாத்தினார். குழாயடியில் அவன் பெண்டாட்டியின் குடத்தை வரிசையிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்தார்கள், ஒன்பது வயசு வாலன்டீனா அந்தக் குடத்தை மறுபடி வரிசையில் கொண்டுபோய் வைத்ததை நான் சைக்கிளில் போகும்போது பார்த்தேன், பெடலை மிதித்துக்கொண்டே போனேன். பதினொரு நாள் கழித்து நானே பேச்சுவார்த்தையில் கையெழுத்துப் போட்டேன். அறுபத்திரண்டாம் நாள் கிடைத்திருக்கக் கூடியதைவிடக் குறைவு. எழுபத்துநாலாம் நாள் காலை ஷிப்டுக்கு அதே கேட்டு வழியாக நானும் உள்ளே போனேன், மாலை போட்டு, கொடி பிடித்து, வாழ்த்து முழக்கத்தோடு. எனக்கு யாரும் நோட்டீஸ் அடிக்கவில்லை. ஆறுக்குட்டி அந்த மாசமே கணக்கை முடித்துக்கொண்டு திருப்பூர் போய்விட்டான். இரண்டாயிரத்து நாலில் செத்தான். அவன் வீட்டுத் தெருமுனை வரை போனேன். தெருமுனை வரைக்கும்தான்.

ஆனால் அது அல்ல, நெஞ்சில் சிக்கிக்கொண்டு வெளியே வராதது அது அல்ல. இந்தக் காசுதான். இந்த மூன்று முறை. அறுபதாம் நாள் போராட்டப் பந்தலில் அவன் எப்போதும் உட்காருகிற இடத்தில், மேடைக்குப் பக்கத்தில், உட்காரவில்லை, நடுவில் உட்கார்ந்தான். அறுபத்தொன்றாம் நாள் கடைசியில், சைக்கிள் நிறுத்துகிற இடத்தில். முழக்கம் போடும்போது கை உயர்ந்தது, வாய் அசையவில்லை. நான் மேடையிலிருந்து பார்த்தேன். பார்க்கவில்லை என்று முப்பத்தாறு வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன், இரவோடு இரவாக விலைபோய்விட்டான், திடுதிப்பென்று மாறினான், தொடர்கதைக் கப்பல் மாதிரி நின்ற இடத்தில் திரும்பினான் என்று. அப்படி எதுவும் திரும்பாது. அதைத்தான் இவள் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் காட்டியிருக்கிறாள். அவன் வேகம் இறக்கிக்கொண்டிருந்தான், எஞ்சின் வெளிச்சம் தெரிய, ஒரு தடவை, இரண்டு தடவை, அவனுக்கும் எனக்கும் நடுவே பந்தலில் நாற்பதடி, கை எட்டுகிற தூரம் இல்லை, ஆனால் இறங்கிப் போனால் எட்டும். இறங்கிப் போய் என்ன ஆறுக்குட்டி என்று கேட்டிருந்தால். கேட்கவில்லை. போகும் முன்பும் கேட்கவில்லை, போன பிறகும் கேட்கவில்லை. காரணம் தெரிந்தால் அந்த வரியை எழுத முடியாது என்று எனக்குள் யாருக்கோ தெரிந்திருக்கிறது. தலைவன் பக்கத்தில் இருந்தால் மனசு எண் ஏறும் என்று இவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். எவ்வளவு பக்கத்தில் என்று அவள் கேட்டாள். என்ன கேள்வி அது. அவ்வளவு சாதாரணமாகக் கேட்டாள், பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, எண்ணுக்காக மட்டும் கேட்பது போல, ஒருவேளை எண்ணுக்காக மட்டும்தான் கேட்டாளோ என்னவோ. அந்தத் தொடர்கதையைக் கேட்டுக் கைதட்டின நாங்கள் பன்னிரண்டு பேரும், எழுதின ஆசிரியரும், நொச்சிக்குள் ஆள் இருக்கிறது என்பதை மறந்துபோனோம். இவளோ நட்சத்திரத்தையும் பீரங்கியையும் சூட்டையும் ஒரு தாளில் அடக்கிவிட்டு, மிச்சமிருந்த ஒரு வரி இடத்தில் அந்த ஆட்களுக்கு வழி விட்டிருக்கிறாள். நான் எழுதின எல்லா நோட்டீசையும் ஒரு தட்டில் வைத்தாலும் எதிர்த்தட்டில் இந்த ஒரு வரி கீழே இறங்கும். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் நல்ல வேலையைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

"நேரமாச்சுங்ணா" என்றான் சிவராசு. எழுதினேன். எழுதி மடித்து வைத்தேன். அவள் சீட்டையும் என் சீட்டையும் அவன் ஒரே நேரத்தில் பிரித்தான், அது விதி. என்னுடையதை முதலில் படித்தான்: "வாகை சுடவில்லை. நொச்சி போகட்டும்." படித்துவிட்டு என்னைப் பார்த்தான். "ஏனுங்ணா, ஜெயிக்கிற ஆட்டங்க இது." பிறகு அவளுடையதைப் படித்தான், படிக்கும்போது குரல் இறங்கியது. "சாமை, முழு வேகம். வாகைக்கும் நொச்சிக்கும் நடுவுல." அவள் எழுந்து, கயிற்றைப் பிடித்து அளந்து, தன் சாமையை எடுத்துக்கொண்டுவந்து என் பீரங்கி வாய்க்கு நேராக, நொச்சியை மறைத்து வைத்தாள். என் கப்பல் மேல் விழப் போகிற என் குண்டை வாங்கிக்கொள்ள அவள் கப்பல். "நீங்க சுடுவீங்கன்னுதான் நினைச்சேன் தோழர்" என்றாள். கிண்டல் இல்லை, தப்புக் கணக்குப் போட்டவள் சொல்வது போலச் சொன்னாள். "நானும் அப்படித்தான் நினைச்சேன் அம்மிணி" என்றேன். சிவராசு தும்பைக்குப் பகடையை உருட்டினான். ஆறும் மூன்றும். "தும்பையும் மாட்டேங்குதுங்" என்றான், செத்த வீட்டில் பேசுவது போல. வாகை தனியாக நின்றது, மேலே ஐந்து டிராவலரோடு. தோற்றுவிட்டேன். அவள் விதித் தாளை என் பக்கம் நகர்த்திப் பேனா மூடியைத் திறந்து வைத்தாள். "பதினாலு?" நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியைப் படித்தேன். "இருக்கட்டும். ஆனா வரி தலைகீழா இருக்குது. சொந்தப் பக்கம் சுடக் கூடாதுங்கறது முதல்ல வரோணும். எதிரி அப்புறம். எதிரி சுடாம இருக்கறது ஒண்ணும் பெரிசில்லை." அவள் அம்புக்குறி போட்டு இடம் மாற்றினாள். குக்கர் ஆறிக்கொண்டிருந்தது. தாளைப் பார்த்தபடியே சொன்னேன், இல்லை, வாய் தானாகச் சொன்னது: "உங்கப்பன் அன்னிக்கு ஏன் உள்ள போனான்னு நான் கேக்கவே இல்லை." அவள் பேனாவை மூடினாள். "தெரியுங்க. அவரும் அதத்தான் சொல்லிட்டிருந்தாரு, கடைசி வரைக்கும். நோட்டீசப் பத்திப் பேசவே மாட்டாரு. தோழர் ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்னு மட்டும் சொல்லுவாரு." நான் நிமிர்ந்து பார்த்தேன். "இப்பக் கேட்டாச் சொல்லுவியா?" "சொல்றனுங்க. மொதல்ல ஆட்டத்த முடிங்க. நொச்சி இன்னும் நிக்குது பாருங்க." அவரவர் கப்பலை அவரவர்தான் நகர்த்த வேண்டும், அது இரண்டாம் விதி. எழுந்து நின்று நொச்சி மேல் விரல் வைத்தேன். பித்தளை சில்லென்று இருந்தது. சாமையின் பின்புறமாக, கறுப்புத் துணி மேல், ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு, விளிம்பு வந்ததும் சிவராசு புத்தகத்தை எடுத்துவிட்டு உள்ளங்கையை நீட்டினான். மூன்றாவது முடிச்சுக்கு நான் விரலை எடுக்காமல் அவன் கை வரை கூடவே கொண்டுபோனேன்.